கட்டைத் திடல்

கூப்புமேடு,
20.1.1961

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கை அக்னஸுக்கு அண்ணன் இன்னாசிராஜ் ஆசியுடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி லூர்துராணியும் மகள் பிலோமினாவும் சுகமாக இருக்கிறோம். எனக்குச் சர்க்கரைதான் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உனக்கிருந்த இருமல் நின்றதா? மேலப்புதூர் வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் எப்படி?

நிற்க. நம் ஊர் நகரசபை ஆகிறது. உத்தரவு வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவராக இருந்த நானே முதல் சேர்மனாக வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறோம். அதில் ஊரின் சரித்திரத்தை நீதான் எழுத வேண்டும். காலேஜில் சரித்திரம் நடத்தும் தங்கை இருக்கும்போது நான் யாரிடம் போய் நிற்பேன்?

பச்சைமலை அடிவாரத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் காண்டிராக்டர் தைரியராஜ் முதன்முதலில் வந்து கூடாரம் போட்டார் என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்கும். 'கூப்பு' என்ற பேச்சைக் குறைத்துக்கொள். மரம் வெட்டின இடம் என்றால் கேட்கிறவர்களுக்குக் கௌரவமாக இல்லை. ஊரின் பெயரையே 'சோலைநகர்' என்று மாற்ற எழுதிப் போட்டிருக்கிறோம்.

பஸ் ஸ்டாண்டும் வருகிறது. நடுவில் சும்மா கிடக்கும் கட்டைத் திடலில்தான். புறம்போக்கு, யாருக்கும் நஷ்டமில்லை.

பிலோமினாவுக்குப் பாலக்கரையில் ஒரு நல்ல இடம் பேசுகிறோம். ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் அண்ணன்
இன்னாசிராஜ்

*

மேலப்புதூர், திருச்சி,
5.2.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் இருக்கிறது; வகுப்பெடுக்க முடிகிறது. குழாயில் விடியற்காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது. அண்ணியின் முழங்கால் வலி பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

சரித்திரம் எழுதுகிறேன். ஆனால் நம் அப்பா தைரியராஜ் காண்டிராக்டர் என்பது எனக்குப் புதிய செய்தி. காண்டிராக்டர் எங்கோ பட்டணத்தில் இருந்தார் என்றும், அப்பா ரம்பம் இழுத்தார் என்றும் அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அம்மா கன்னியர் மடத்து அடுப்படியில் வேலை பார்த்து நம்மை வளர்த்ததை நாம் இருவரும் பார்த்தோம். காண்டிராக்டரின் விதவைக்கு அந்த வேலை எதற்கு?

போன சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போய் வடக்குச் சித்திரை வீதியில் ரங்கசாமி ஐயங்காரைப் பார்த்தேன். காட்டிலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் நம் ஊர்க் கூப்பில்தான் முதல் வேலை. சேவித்துவிட்டு வந்தவர் திருமண் கலையாமல் உட்கார்ந்து பேசினார். "பெருமாள் கிருபையிலே ஞாபகம் போகலே. ரயிலுக்குக் கட்டை வேணும்னு வெட்டினா. மரத்துக்கு நம்பர் உண்டு, முத்திரை உண்டு. எந்த வண்டியிலே எந்த மரம் போச்சுன்னு கேட்டா சொல்லலாம்" என்றார். இறந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "மனுஷாளுக்கு முத்திரை ஏதம்மா? அந்தக் கணக்கு எங்களுது இல்லே."

'சோலைநகர்' என்று கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சோலையையாவது விட்டு வைத்துவிட்டு அந்தப் பெயரை வைத்திருக்கலாம்.

ஈஸ்டர் விடுமுறையில் வருகிறேன்.

உங்கள் அன்புத் தங்கை
அக்னஸ்

*

கூப்புமேடு,
12.2.1961

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணியின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறோம். தொட்டியத்திலிருந்து வந்த ஒரு தார் பூவன் பழத்தை உனக்கு பஸ்ஸில் போட்டிருக்கிறேன். கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள். இருமலுக்கு ராத்திரியில் பழம் சாப்பிடாதே.

அம்மா வயதான காலத்தில் என்னென்னவோ சொன்னார்கள். அதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்காதே. காண்டிராக்டர் என்று வேண்டாமென்றால் 'ஊரை உருவாக்கியவர்' என்று போடு. அதில் பொய் என்ன இருக்கிறது? அவர் வெட்டிய இடத்தில்தானே ஊர் இருக்கிறது!

ஈஸ்டருக்குக் கட்டாயம் வா.

இன்னாசிராஜ்

*

மேலப்புதூர், திருச்சி,
11.4.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்தது. பிலோமினா அழகாக இருக்கிறாள். அவளிடம் யாராவது சம்மதம் கேட்டீர்களா?

நீங்கள் உங்கள் மர மில்லுக்குப் போயிருந்தபோது நான் கட்டைத் திடலுக்குப் போனதை உங்களிடம் சொன்னேன். பஸ் ஏற்றிவிட வந்த நீங்கள் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

திடலின் ஓரத்துக் குடிசையில் வெள்ளையம்மாள் என்ற மலைக்காரக் கிழவி மரவள்ளிக்கிழங்கை மூட்டையில் கட்டிக்கொண்டிருந்தாள். உங்களுக்குத் தெரியாதவள் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"சேர்மன் தங்கச்சிதானே? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கள நல்லா அடிப்பீங்கன்னு கேள்வி."

"காலேஜ். அடிக்கிறதில்லே."

"பின்ன எப்படிப் படிக்கும்?" என்றாள். பிறகு, "ஒங்கப்பாவப் பாக்க வந்தீங்களா, எடத்த அளக்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. மாடு கட்டியிருந்த பெரிய வேங்கைக் கட்டைக்கு அழைத்துப் போனாள். வெளியெல்லாம் கரையான் தின்று நடுவில் வைரம் மட்டும் நிற்கிறது. மாட்டை அவிழ்த்து அப்பால் கட்டினாள். ஆள் வந்திருக்கும்போது மாடு நிற்கக்கூடாதாம்.

"இந்தப் பக்கம் ஒங்கப்பா. அந்தப் பக்கம் எங்கப்பா செல்லக்கண்ணு. ஒரே ரம்பம். இந்தப் பிடி இவரு, அந்தப் பிடி அவரு. மரம் திரும்பி விழுந்துச்சு. ரெண்டு பேரையும் ஒரே குழியில வச்சாங்க. நான் நின்னு பாத்தேன். ஒங்கம்மா ஒங்களக் கையில வச்சிருந்துச்சு."

கூப்பில் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஆளைக் கொன்ற மரத்தை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். கிடந்த இடத்திலேயே மட்கவேண்டியதுதான். அதன் அடிக்கட்டையைத் தோண்ட மாட்டார்கள். செத்தவரை அந்தக் கட்டையை ஒட்டியே புதைப்பார்கள். மற்றக் கட்டைகளையெல்லாம் தோண்டிக் கரிச்சூளைக்குப் போட்டார்கள். ஊர் நடுவில் இந்தத் திடலில் மட்டும் கட்டைகள் ஏன் நிற்கின்றன என்று நான் இத்தனை வருடம் கேட்கவே இல்லை. நீங்களும் சொல்லவில்லை.

ஆடியில் கூழ் ஊற்றுகிறாளாம். "ஒங்கப்பா வேதக்காரரு, அவருக்குக் கூழ் ஆகுமோ ஆகாதோ, கேக்கவா முடியும்? ரெண்டு குழியா இருந்தா எங்கப்பாவுக்கு மட்டும் ஊத்திட்டுப் போவேன். ஒரே குழி. ஒருத்தருக்கு ஊத்தினா ரெண்டு பேருக்கும் போகும்" என்றாள்.

நம் கோவில் கல்லறையில் சலவைக்கல் வைத்து அப்பா பெயர் பொறித்திருக்கிறீர்களே, ஒவ்வொரு நவம்பரிலும் நான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேனே, அதற்குள் யார் இருக்கிறார்கள்?

பஸ் ஸ்டாண்டை வேறு இடத்தில் கட்ட முடியாதா?

உங்கள் அன்புத் தங்கை
அக்னஸ்

*

கூப்புமேடு,
20.4.1961

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு,

நான் சுகம். சர்க்கரை கூடிவிட்டது. உன் கடிதம் வந்த பிறகு என்று உன் அண்ணி சொல்கிறாள். உன்னைக் குற்றம் சொல்லவில்லை.

கல்லறையில் யாரும் இல்லை. போதுமா? எனக்குப் பதினான்கு வயதில் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று அழ அழ இந்த ஊருக்குத் திரும்பி வந்து மரம் சுமந்தேன். 'கட்டைக்கடியில் கிடப்பவன் மகன்' என்பார்கள். மில் வைத்த பிறகும் சொன்னார்கள். மந்திரித்த மண்ணில் அப்பாவுக்கு ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தேன். சாமியார் கல்லை மந்திரித்தார். உள்ளே என்ன என்று அவரும் கேட்கவில்லை. நீ கன்னியர் மடத்தில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் விழவில்லை.

பாலக்கரைச் சம்பந்தி நம்மை மூன்று தலைமுறையாக மர வியாபாரக் குடும்பம் என்று நினைக்கிறார். மலைக்காரனோடு ஒரே குழியில் கிடக்கும் கூலிக்காரனின் பேத்தி என்று மலரில் படித்தால் பிலோமினாவை எடுப்பாரா?

ஒன்று கேட்கிறேன். உன் வகுப்பில் ஒரு பெண், ஒரு கிழவி சொன்னாள் என்று ஒரு சரித்திரத்தை எழுதிக்கொண்டு வந்தால் நீ என்ன மார்க் போடுவாய்? திடலில் ஆளைப் புதைத்ததற்கு ஏதாவது ஒரு எழுத்து இருந்தால் காட்டு. நானே முன்னால் நின்று பஸ் ஸ்டாண்டை நிறுத்துகிறேன்.

இன்னாசிராஜ்

*

மேலப்புதூர், திருச்சி,
28.6.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோடை விடுமுறை முழுவதும் தேடினேன். மூன்று கோவில்களின் அடக்கப் புத்தகங்களைப் பார்த்தேன். மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்யாதவர் பெயர் அவற்றில் வராது. ஸ்ரீரங்கத்துக்கு மறுபடியும் போனேன். ஐயங்கார், "வெட்டின மரத்தோட நம்பர் வேணுமானா அடியேன் சொல்றேன்" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அந்தப் பெண்ணின் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். கொடுத்திருக்கிறேன். என் அப்பா என்பதற்காக விதியை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் கேட்டதை மறைக்கவும் மனம் வரவில்லை.

கட்டுரையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திடலைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன்: "கூப்பில் மரம் விழுந்து இறந்தவர்களை அந்தந்த மரத்தின் அடியிலேயே புதைத்தார்கள் என்று இங்கே நெடுநாள் வாழ்பவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். தைரியராஜ், செல்லக்கண்ணு என்ற இரு ரம்பக்காரர்களின் பெயர்களும் சொல்லப்படுகின்றன. இதற்கு எழுத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை."

மூன்று வாக்கியங்களும் சேர்ந்துதான் உண்மை. ஒன்றை எடுத்தால் மூன்றையும் எடுத்துவிடுங்கள். பிலோமினாவுக்காக, அந்தத் தைரியராஜ் நம் அப்பா என்று நான் எழுதவில்லை. அதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுங்கள். காரணம் என் கடிதம் என்றால், கடிதத்தை உணவுக்குப் பிறகு படியுங்கள்.

உங்கள் தங்கை
அக்னஸ்

*

கூப்புமேடு,
6.7.1961

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு,

கட்டுரை கிடைத்தது. பிரமாதம். படித்தவள் படித்தவள்தான். அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பாலக்கரை சம்மதித்துவிட்டார்கள், தை மாதம் கலியாணம். அண்ணிக்கு முழங்கால் தேவலை. காவேரியில் வெள்ளம் என்கிறார்களே, உங்கள் பக்கம் தொந்தரவு இல்லையே?

அவசரத்தில் எழுதுகிறேன்.

இன்னாசிராஜ்

*

மேலப்புதூர், திருச்சி,
17.10.1961

அண்ணனுக்கு,

மலர் எனக்கு நீங்கள் அனுப்பவில்லை. நான் அதைப் பார்த்தது வெள்ளையம்மாளின் கையில்.

நேற்று அவளும் அவள் மகன் பிச்சமுத்துவும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். திடலை விட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ் வந்ததாம். மனு எழுதி எடுத்துக்கொண்டு திருச்சி கலெக்டர் ஆபீஸுக்கு வந்திருக்கிறார்கள். அங்கே இருந்த அதிகாரி மலரைப் பிரித்து, நகரசபை கோடு போட்டு அனுப்பியிருந்த வரியை உரக்கப் படித்தாராம். "கட்டைத் திடலில் மனிதர்களைப் புதைத்ததற்கு எழுத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை." கீழே என் பெயரும் பட்டமும்.

முதல் இரண்டு வாக்கியங்களும் இல்லை. மூன்றாவதற்குத் தலை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். உடல் மட்டும் என்னுடையது.

"பேராசிரியையே எழுதியிருக்காங்களே, அதுக்கு மேல நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டாராம் அவர்.

நான் நாற்காலி போட்டேன், வெள்ளையம்மாள் உட்காரவில்லை. "இதுல அச்சடிச்சிருக்கிறது நீங்க எழுதினதுதானா டீச்சரம்மா?" என்று கேட்டாள். வரி என்னுடையதுதான், முன்னால் இருந்ததை எடுத்துவிட்டார்கள் என்றேன். நான் சொல்லும்போதே அது என் காதுக்கு எப்படிக் கேட்டது என்பதை உங்களுக்கு எழுதப் போவதில்லை.

"எங்கப்பாவ இல்லேன்னு எழுதினீங்க, சரி. அவரு யாரோ. ஒங்கப்பாவையும் சேர்த்தில்ல இல்லேன்னு எழுதிட்டீங்க!" என்றாள். "எங்க ஊர்ல பெத்தவன இல்லேன்னு சொல்றதுக்குப் படிச்சிருக்க வேணாம். குடிச்சிருந்தாப் போதும்."

பிச்சமுத்து, "சும்மா இரு ஆத்தா" என்றான். காபி கொடுத்தேன். அவன் மட்டும் குடித்தான்.

இன்று அதே ஆபீஸுக்குப் போய் முழுக் கட்டுரையையும் கொடுத்தேன். அதிகாரி மரியாதையாக எழுந்து நின்று படித்தார். "இதிலேயும் சான்று கிடைக்கலேன்னுதானேம்மா இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

தோண்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். நான் அங்கே நிற்க வேண்டும்.

அக்னஸ்

*

சோலைநகர்,
18.1.1962

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கைக்கு,

நீ கோபத்தில் இருப்பாய் என்று இத்தனை நாள் எழுதவில்லை. நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி? கலியாணம் நல்லபடி முடிந்தது. நீ வராததை எல்லோரும் கேட்டார்கள். பரீட்சை வேலை என்று சொல்லிவிட்டேன்.

திடல் வேலை முடிந்துவிட்டது. வெள்ளையம்மாளுக்கு ஊருக்கு வெளியே இடம் கொடுத்திருக்கிறோம். போகமாட்டேன் என்று சந்தை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். வேங்கைக் கட்டைதான் தகராறு செய்தது. லாரியில் சங்கிலி கட்டி இழுத்தோம். நானே பக்கத்தில் நின்றேன். அடியில் வேரைத் தவிர ஒன்றும் இல்லை.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா பெயர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முகப்பில் பெரிய எழுத்தில் 'தைரியராஜ் பஸ் நிலையம்'. அவரை மறந்துவிட்டேன் என்று இனி நீ சொல்ல முடியாது.

இன்னாசிராஜ்

பின்குறிப்பு: அப்பா கழுத்தில் ஒரு சுரூபம் இருந்தது என்று அம்மா சொல்வார்களே, அது எந்த அர்ச்சியசிஷ்டவர்? உனக்கு நினைவிருக்கிறதா? சும்மா கேட்டேன்.

*

மேலப்புதூர், திருச்சி,
22.1.1962

அண்ணனுக்கு,

சவேரியார். பித்தளைப் பதக்கம். வளையம் அறுந்துபோய்ச் செம்புக் கம்பியால் அம்மா முடிந்து கொடுத்தது.

எங்கே வைத்திருக்கிறீர்கள்? அவர்களை என்ன செய்தீர்கள்?

அக்னஸ்

*

சோலைநகர்,
2.3.1962

தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணிக்கும் தெரியாது. படித்ததும் கிழித்துவிடு.

செம்புக் கம்பிதான். சுரூபத்தை எடுத்துக் கல்லறையின் கல்லைத் தூக்கி உள்ளே வைத்துச் சிமெண்ட் பூசிவிட்டேன். இனி அது வெறும் கல்லறை இல்லை.

மற்றதையும் கொண்டுபோகத்தான் நினைத்தேன். சத்தியமாக. சாக்குக்கூட எடுத்து வந்தேன். ஆனால் இரண்டும் கலந்து கிடந்தது, எது அப்பா, எது அவன் என்று தெரியவில்லை. அள்ளினால் இரண்டு பேரையும் அள்ள வேண்டும். மலைக்காரனை மந்திரித்த மண்ணில் கொண்டுபோய் வைக்க முடியுமா? சாமியார் கேட்டால், சம்பந்தி கேட்டால் நான் என்ன சொல்வேன்? மண்ணைத் தள்ளி மூடச் சொல்லிவிட்டேன். துறையூர் பஸ் நிற்கும் இடம். மேலே கான்கிரீட் கெட்டியாகப் போட்டிருக்கிறது.

ராத்திரி தூக்கம் இல்லை. டாக்டர் சர்க்கரை என்கிறார்.

நீ ஒரு வார்த்தை எழுது.

இன்னாசிராஜ்

*

மேலப்புதூர், திருச்சி,
13.3.1962

அண்ணனுக்கு,

இருமல் நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்புமேட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. தபால் முத்திரையில் இன்னும் கூப்புமேடு என்றுதான் இருக்கிறது; பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூவினான். நான் இறங்கியது துறையூர் பஸ் நிற்கும் இடத்தில். நிற்கக் கால் கூசியது. பின்னால் இருந்தவர், "எறங்குங்கம்மா, வழியில நின்னா எப்படி?" என்று கூடையால் முதுகில் இடித்தார். நடந்தேன்.

வெள்ளையம்மாள் சந்தை வாசலில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். மலைக்காரனை மந்திரித்த மண்ணில் வைக்க முடியுமா என்ற வரியையும் விடவில்லை. நான் ஒரு வரியையும் இனி விடப்போவதில்லை.

அவள் தராசைக் கீழே வைத்தாள். பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, ரெண்டு பேரும் சேர்ந்தேதான் கெடக்காங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"பிரிக்காம விட்டானே ஒங்கண்ணன். அதுவரைக்கும் நல்லவன்."

பிறகு என்னிடம், "வாங்குறதா இருந்தா வாங்குங்க டீச்சரம்மா. சும்மா உக்காந்தா யாவாரம் கெடும்" என்றாள். வாங்கினேன். எடை கூடத்தான் போட்டாள்.

சான்று வேண்டும் என்றீர்கள். அனுப்பிவிட்டீர்கள். நானே முன்னால் நின்று நிறுத்துகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு இப்போது வேலை இல்லை, பஸ்கள் ஓடுகின்றன. சரித்திரத்தை மறுபடியும் எழுதி முடித்துவிட்டேன். இந்தமுறை இரு ரம்பக்காரர்களில் ஒருவர் என் அப்பா என்று எழுதியிருக்கிறேன். யார் அச்சிடுவார்கள் என்று தெரியாது.

நவம்பரில் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுவர மாட்டேன். ஆடியில் வருவேன்.

மருந்தை விடாதீர்கள்.

அக்னஸ்